ஏலம் போகும் சுங்கமும் ஏலத்தின் மேல் விழும் கட்டணமும்

தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் அரசு இரண்டு விதமாக ஏலத்தில் கை வைக்கிறது. வாரச்சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமையையே ஏலம் விடுகிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விவசாயியின் சரக்கை ஏலம் விட்டு, அந்த விலையின் மேல் கட்டணம் போடுகிறது. இரண்டுமே உள்ளூர்ச் சந்தைதான். ஆனால் பணம் யார் மடியிலிருந்து போகிறது என்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு உலகம்.

முதலில் சந்தை. நிதியாண்டு முடியப் போகிறது என்றால் பேரூராட்சி அலுவலகப் பலகையில் ஏல அறிவிப்பு ஏறும். சந்தைச் சுங்கம், வண்டி நிறுத்துமிடம், கட்டணக் கழிப்பிடம் என எல்லாம் ஒரே தாளில் வரிசையாக இருக்கும். முன்வைப்புத் தொகைக்கு வங்கி வரைவோலை எடுத்து வந்தவர் மட்டுமே கேட்கலாம். மூன்று தரம் சொல்லி முடித்ததும், ஏப்ரல் முதல் மார்ச் வரை சந்தை ஏலதாரர் கைக்குப் போய்விடும். ஆட்டுக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று விகிதத்தை நிர்ணயிப்பது பேரூராட்சி மன்றம்; சீட்டுப் புத்தகத்தோடு வாசலில் நிற்பது ஏலதாரரின் ஆட்கள்.

இந்த ஏற்பாட்டின் கோளாறு அதன் கணக்கிலேயே இருக்கிறது. ஏலதாரர் பெருந்தொகையை முன்கூட்டியே கட்டிவிட்டார். அதற்கு மேல் வசூலாகும் ஒவ்வொரு ரூபாயும் அவருடையது. கட்டண விகிதப் பலகை வைக்க வேண்டும், அச்சிட்ட ரசீது தர வேண்டும் என்று நிபந்தனைத் தாள் சொல்லும். ஆனால் இரண்டு கூடை கத்தரிக்காயோடு வந்த அம்மாவிடம் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்டால், அவர் வியாபாரத்தை விட்டுவிட்டு செயல் அலுவலரைத் தேடிப் போவாரா? பேரூராட்சிக்கோ தன் பணம் வந்துவிட்டது. விசாரிக்க அவசரம் இல்லை.

இன்னொரு நோய் சிண்டிகேட். கேட்க வந்தவர்கள் எதிர் டீக்கடையிலேயே பேசி முடித்துவிட்டு உள்ளே வந்தால், கேள்வி போன வருடத் தொகையைக்கூடத் தொடாது. அப்போது ஏலம் ஒத்திவைப்பு, மறு ஏலம், அதுவும் படியாவிட்டால் ஊழியர்களே நின்று வசூல்.

இனி விற்பனைக்கூடம். இந்தியாவில் ஒழுங்குமுறைச் சந்தைகள் வேண்டும் என்று 1928-ல் வேளாண்மைக்கான ராயல் கமிஷன் பரிந்துரைத்தது. 1933-ல் சென்னை வணிகப்பயிர்கள் சந்தைச் சட்டம் வந்தது. 1936-ல் திருப்பூரில் பருத்திக்கு முதல் கூடம் திறந்தது. உரிமம் இல்லாமல் வாங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு தொழில் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று வியாபாரிகள் வழக்காடினார்கள். அருணாசல நாடார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றே சொன்னது. இப்போது நடப்பில் இருப்பது 1987-ம் ஆண்டுச் சட்டம்.

சிவகிரியில் எள், அவல்பூந்துறையில் கொப்பரை, மூலனூரில் பருத்தி என ஒவ்வொரு கூடத்துக்கும் ஒரு சரக்கு. மூட்டைகளை எடை போட்டு, குவியலுக்கு ஒரு எண் கொடுத்து வைப்பார்கள். வியாபாரிகள் கைவிட்டு அள்ளிப் பார்த்து, விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பெட்டி திறந்ததும், ஒவ்வொரு குவியலுக்கும் அதிக விலை யாருடையது என்று அறிவிப்பார்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால் விவசாயி விற்க மறுக்கலாம். கிட்டங்கியில் இருப்பு வைத்து அதன் பேரில் பொருளீட்டுக் கடனும் வாங்கலாம். சந்தைக் கட்டணம் நூற்றுக்கு ஒரு ரூபாய். அதைக் கட்டுவது வாங்குபவர். விவசாயிக்குக் கமிஷன் பிடித்தம் கிடையாது.

மாட்டுச் சந்தையிலும் விலை ரகசியம்தான். துண்டுக்கு அடியில் தரகர் விரலைப் பிடித்து ஆயிரங்களைச் சொல்வார். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது, பேரம் முடிந்த பிறகும் தெரியாது. கூடத்தின் பெட்டி ரகசியம் சீட்டுப் பிரிக்கும் வரைக்கும் மட்டுமே. அதனால்தான் கூடத்தில் விலையில் சதவீதம் போட முடிகிறது, சந்தையில் தலைக்கு இவ்வளவு என்றுதான் போட முடிகிறது. கிழ மாட்டுக்கும் காங்கேயம் காளைக்கும் ஒரே சீட்டு.

கூடத்தைப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. நான்கு வியாபாரிகளே வரும் சிறிய கூடத்தில் பெட்டி எவ்வளவு ரகசியமாக இருந்து என்ன, அவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். வெளியூர்க்காரரும் கேட்கட்டும் என்று 2016-ல் வந்த மின்னணு தேசிய வேளாண் சந்தைக்கும் இதுதான் சோதனை: கண்ணால் பார்க்காத சரக்கை நம்பி வெளியூர்க்காரர் எவ்வளவு தூரம் விலை ஏற்றுவார்? விதைப்புக்கு முன்பே மண்டியில் கடன் வாங்கியவருக்கோ கூடத்தின் வாசல் திறந்திருந்தும் பயனில்லை.

கட்டணம் எதற்கு என்பதிலும் வேறுபாடு உண்டு. பஞ்சாபில் சந்தைக் கட்டணத்தை 3 சதவீதமாக உயர்த்தியபோது, 1979-ல் கேவல் கிருஷ்ண பூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2 சதவீதம் வரைதான் செல்லும் என்றது. கட்டணம் கொடுப்பவருக்கு ஈடாகச் சேவை திரும்ப வேண்டும் என்பது அதன் வாதம். கூடத்தின் களமும் எடைமேடையும் கிட்டங்கியும் அந்தக் கணக்கில் வருகின்றன. வாரச்சந்தையின் ஏலத்தொகையோ பேரூராட்சியின் மற்ற வருமானத்தோடு கலந்துவிடும். சந்தைக்குள் கூரையும் குடிநீரும் கேட்டு வியாபாரிகள் மனு கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

கூடத்திலிருந்து சந்தைக்கு ஒன்றைக் கொண்டு வரலாம். நுழையும்போதே சுங்கம் வாங்கும் சந்தைகளில், விலைபோகாத ஆட்டுக்கும் சீட்டு வாங்கியவர் அதைத் திரும்ப ஓட்டிப் போகிறார். வெளியேறும் வாசலில், விற்ற ஆட்டுக்கு மட்டும், வாங்கியவரிடம் வசூலித்தால் போதும். விலை தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஏலக் கேள்வி கொஞ்சம் இறங்கும். முதல் வருடம் மன்றக் கூட்டத்தில் அதற்கு ஒரு சண்டையும் நடக்கும்.