ராஜாவுக்கு அடிச்ச சோத்து மணி

மில் சங்கு சத்தத்தில் வளர்ந்தவன் நான். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையத்தில் பஞ்சாலை தொடங்கினார். அப்புறம் மில்கள் பெருகப் பெருக, ஷிப்டுக்கு ஊதுற சங்குதான் சுத்துப்பட்டி ஊருக்கெல்லாம் கடிகாரம். எங்க அய்யா கடைசி வரை வாட்ச் கட்டினதில்லை. ஒரு சங்குக்கு மாட்டை அவிழ்ப்பார், அடுத்த சங்குக்கு மடையை மாத்துவார்.

அந்தச் சங்குல ஒரு விஷயத்தைச் சின்ன வயசிலேயே கவனிச்சிருக்கேன். விடியக்காலம் ஊதினா பக்கத்துத் தோப்பில் ஊதுற மாதிரி கேட்கும். அதே சங்கு மத்தியானம் ஊதினா, காதைத் தீட்டிக்கிட்டு நின்னாலும் சில நாள் கேட்காது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

மதுரைக்குத் தேங்காய் லோடு போகும்போது அய்யாவோடு நானும் லாரியில் ஏறிக்குவேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினதும் ரோட்டோரம் நாலு கால் நட்ட ஒரு கல்மண்டபத்தைக் காட்டுவார். "அதுலதான்டா ராஜாவுக்குச் சோத்து மணி அடிச்சாங்க" என்பார்.

ராஜா என்று அவர் சொன்னது திருமலை நாயக்கரை. 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்டவர். மதுரை மகாலை எல்லாருக்கும் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அவர் பேர் சொல்ற அரண்மனை ஒண்ணு இருக்கு. ஆண்டாளுக்கு உச்சிக்கால பூசை முடிஞ்ச சேதி வந்த பிறகுதான் அவர் மதுரையில் இலையில் கை வைப்பாராம். அதுக்காக இங்கேயிருந்து மதுரை வரைக்கும் வழிநெடுக மண்டபம் கட்டி, ஒவ்வொண்ணிலும் மணி தொங்கவிட்டு ஆள் வச்சாராம். கோயில் மணி கேட்டதும் முதல் மண்டபத்துக்காரர் அடிப்பார். அதைக் கேட்டு அடுத்தவர் அடிப்பார்.

மடவார்வளாகத்துப் பக்கம் போனா கதை கொஞ்சம் மாறும். தீராத வயித்துவலியை அங்கேயுள்ள வைத்தியநாத சுவாமி தீர்த்து வச்சார், அந்தச் சாமிக்குப் பூசை முடிஞ்ச பிறகுதான் நாயக்கர் சாப்பிடுவார், மண்டபத்தில் இருந்தது மணி இல்லை முரசு என்பார்கள். மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கிற மண்டபத்துக்கே நகரா மண்டபம் என்றுதான் பேர். நகரா என்றால் பெரிய முரசு.

தெற்கே போனா இதே கதை வீரபாண்டிய கட்டபொம்மனுக்கு. திருச்செந்தூர் முருகனுக்குப் பூசை முடிஞ்ச மணி, மண்டபம் மண்டபமாகப் பாஞ்சாலங்குறிச்சி வரை வந்த பிறகுதான் அவர் சாப்பிடுவார் என்பார்கள்.

ரெண்டு ராஜாவுக்கு ஒரே கதையா, அப்போ கட்டுக்கதைதானே என்று என் மகன் கேட்டான். நடக்கக்கூடிய காரியமா என்று முதலில் பார்ப்போம்டா என்று சொல்லி, திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை சுமார் 75 கிலோமீட்டர். சத்தம் ஒரு விநாடிக்கு 350 மீட்டர் போகும். அந்தத் தூரத்துக்கு மூணரை நிமிஷம் போதும். மூணு கிலோமீட்டருக்கு ஒரு மண்டபம் என்றால் 25 மண்டபம். கேட்டவர் எழுந்து கயிற்றை இழுக்க 15 விநாடி வச்சுக்குவோம். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷத்தில் சேதி மதுரையில். நல்ல குதிரை வச்சு, இடையிடையே மாத்தி ஓட்டினாலும் சில மணி நேரம் ஆகுமே!

ஆனால் இங்கேதான் அந்த மில் சங்கு வருது. உச்சிவெயில்ல தரை கொதிக்கும். தரையை ஒட்டின காத்து சூடாகி, சத்தம் மேல்பக்கமா வளைஞ்சு போயிடும். விடியக்காலம் தரை குளிர்ந்து கிடப்பதால் சத்தம் கீழே வளைஞ்சு தூரமாப் போகும். அப்படின்னா உச்சிக்கால மணிதான் ஒரு நாளில் கேட்கவே கஷ்டமான மணி. மண்டபங்களை இன்னும் நெருக்கமா வச்சிருக்கணும். ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒண்ணு என்று வச்சால் 50 மண்டபம், கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஆனி ஆடியில் மேகாத்து சத்தத்தை மதுரைப் பக்கம் தள்ளிவிடும். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காத்து எதிர்த்து நிக்கும். அப்போ மணிக்காரர் கதி என்ன?

கணக்குப் போட்டு முடிச்சதும் எனக்கு ராஜா மறந்துபோனார். அந்த 50 பேர்தான் கண்ணில் நின்னாங்க. தினமும் மத்தியானம், தன் பசி ஒரு பக்கம் இருக்க, கயிற்றைப் பிடிச்சுக்கிட்டு மேற்கே காது கொடுத்து உட்கார்ந்திருந்தவங்க. ஒருத்தர் கண் அசந்தாலும் அத்தனை பேர் உழைப்பும் அந்த இடத்தில் நின்னுபோகும். ராஜா பட்டினி கிடந்தது கதையாச்சு. இவங்க ஒருத்தர் பேரும் கதையில் இல்லை.

பிரான்ஸில் 1794-ல் பாரிஸிலிருந்து லீல் வரை கோபுரம் கோபுரமாக மரக்கையை ஆட்டிச் சேதி அனுப்பினார்கள் என்று படிச்சேன். அதில் எத்தனையோ வார்த்தை அனுப்பலாம். நம்ம மணி சொன்னது ஒரே வார்த்தை: முடிஞ்சது. ஆனால் ரெண்டுக்கும் வேண்டியது ஒண்ணுதான், தூங்காத மனுசன். எங்க கண்மாயில் நீர்ப்பாய்ச்சி இருந்த காலத்தில் நடுராத்திரி தண்ணி முறையும் அப்படித்தான் நடந்தது. அவர் வந்து ஒரு குரல் கொடுத்தால் நாங்க மம்பட்டியோடு எழுந்திருப்போம்.

இப்போ எங்க ஊர்க் கோயிலில் மணியும் மேளமும் மோட்டாரில் ஓடுது. சுவிட்சைப் போட்டால் அடிக்கும், கரண்டு போனால் நிக்கும். குறை சொல்லலை, கயிறு இழுக்க ஆள் கிடைக்கலை என்பது எனக்கும் தெரியும். மில் சங்கு இருந்த இடத்தில் செல்போன் வந்தாச்சு. நேரம் இப்போ அவனவன் சட்டைப்பையில் இருக்கு.

திருமங்கலம் ராஜபாளையம் ரோட்டை நாலு வழியாக்கிற வேலையை ஆரம்பிச்சாங்க. ரோடு வேணும், என் தேங்காயும் அதில்தான் போகணும். ஆனால் அகலப்படுத்தும் ரோட்டுக்குப் பக்கத்தில் நாலு கல்தூண் என்பது ரொம்பச் சின்ன பொருள். இது என்னன்னு சொல்ல ஆள் இல்லாட்டி, ஜேசிபிக்கு அது வெறும் கல்லுதான்.

அதனால் குற்றாலத்துக்குக் கார்ல வர்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்கு மட்டும் நிறுத்தாதீங்க. டி.கல்லுப்பட்டி, அழகாபுரி, கிருஷ்ணன்கோவில் என்று வரும் வழியில் ரோட்டோரம் கல்மண்டபம் கண்ணில் பட்டால் இறங்கி, பக்கத்து டீக்கடையில் இருக்கிற பெரியவரிடம் இது எதுக்குக் கட்டினதுன்னு கேளுங்க. ஆளுக்கு ஒரு கதை சொல்வாங்க, சொல்லட்டும். எங்க அய்யா எனக்குச் சொன்னார், நான் என் மகனுக்குச் சொன்னேன், இப்போ உங்களுக்கும் சொல்லிட்டேன்.