குளமும் கிணறும்: யாழ்ப்பாணத்துப் பொதுநீர் பற்றிய ஒரு குறிப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையினுள் ஊறி, உவர்நீரின்மேல் தங்கிநிற்கும் மழைநீரே அதன் நன்னீர். மாரியில் அந்நீரைத் தேக்கி நிலத்துள் இறக்குவன குளங்கள். கோடையில் அதனை மேலே கொணர்வன கிணறுகள். குளம் பொதுவுடைமை, தோட்டக் கிணறோ முதுசமாகவும் சீதனமாகவும் கைமாறும் தனியுடைமை. இம்முரண்பாட்டை நோக்காது குளப் பராமரிப்பின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இயலாது.

1856ஆம் ஆண்டு நீர்ப்பாசனச் சட்டம் பழைய வழமைகளுக்கு வலுவளித்தது. 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிக் கிராமச் சங்கங்கள் வந்தன. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் பிரதேச சபைகளுக்கு வழிவகுத்தது. சபைகளின் பெயர்கள் மாறின, உடைமையுறவுகள் மாறவில்லை.

1950களின் பின் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவ, துலா மறைந்தது. தனித்து இறைக்கக்கூடியவனுக்குக் கூடித் தூர்வாரவேண்டிய தேவை தெரியவில்லை. தன் கிணற்றின் ஊற்று ஊர்க்குளத்தின் கொடையென்பதை அவன் மறந்தான்.

எனினும், பழைய 'பொது'வை இலட்சியப்படுத்துதலும் தவறே. தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் பொதுக் கிணறுகளிலும் நீரள்ளும் உரிமை மறுக்கப்பட்டது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரும் அவர்கள் போராட வேண்டியிருந்தது.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பாக 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலிகள் பிரித்த கிணறுகள் யாவும் ஒரே நீரையே உண்கின்றன என்பதை அவ்வழக்கு உணர்த்திற்று. எனவே குளத்தைத் தூர்வாருதல் மட்டும் போதாது; அதன் குழுவில் யார் அமர்கிறார், யார் வெளியே நிற்கிறார் என்பதே அடிப்படை வினாவாகும்.