மண் வாயு ஆய்வு

மண் வாயு ஆய்வு என்பது, நிலத்தடியில் கசிந்த பெட்ரோல், ஆலைக் கரைப்பான் போன்றவற்றின் ஊற்றுக்கண்ணை அவற்றின் ஆவியைக் கொண்டே கண்டறியும் முறை. பென்சீன், டொலுவீன், டிரைகுளோரோஎத்திலீன் முதலியவை எளிதில் ஆவியாகி மண் இடுக்குகள் வழியே மேலேறும். அந்த ஆவியைப் பிடித்தால் கண்ட இடத்தில் போர் போட வேண்டியதில்லை.

மாசைத் தேடப் பிறந்த முறையல்ல இது. எண்ணெய் தேடியவர்கள் கண்டது. 1930களில் ஜெர்மனியில் லாப்மேயர், ஆழமற்ற துளைகளில் தேங்கிய காற்றில் மீத்தேனை அளந்து, அடியில் எண்ணெய் இருக்குமா என்று பார்த்தார். அதே பத்தாண்டில் சோவியத் ஒன்றியத்தில் சொகோலோவ் இத்துறையை வளர்த்தார். அமெரிக்காவில் ஹோர்விட்ஸ், மண்துகளில் ஒட்டியிருந்த வாயுவையே பிரித்து அளந்தார். 1978இல் அமெரிக்காவின் நயாகரா நகர லவ் கால்வாயில், புதைத்த ரசாயனக் கழிவு குடியிருப்புகளுக்குள் கசிந்தது பெரும் கொந்தளிப்பானது. 1980இல், மாசுபட்ட இடங்களைத் தூய்மைப்படுத்துவதற்கான சூப்பர்ஃபண்ட் சட்டம் அங்கே வந்தது. அதன்பின் எண்ணெய் தேடிய கருவி நஞ்சைத் தேடத் திரும்பியது.

முறைகள் இரண்டு. ஒன்று, மண்ணுக்குள் குழாய் இறக்கிக் காற்றை உறிஞ்சி எடுப்பது. அது அந்த நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். மற்றது, ஆவியை ஈர்க்கும் பொருளைப் புதைத்துக் காத்திருப்பது. கட்டம் கட்டமாக அளந்த இடங்களில் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை துளையிட்டு, கரி முதலியவை அடங்கிய சிறு குப்பியை இறக்கி, துளையின் வாயை அடைத்துவிடுவார்கள். ஓரிரு வாரம் கழித்து எடுத்து ஆய்வகத்தில் சூடாக்கினால், ஒட்டியவை பிரிந்து அளவு தெரியும். அளவுகளை வரைபடத்தில் குறித்துச் சமக்கோடு வரைந்தால் கசிவின் மையம் துலங்கும். சொற்ப ஆவியையும் நாள்கணக்கில் சேர்த்துப் பிடிப்பதால், குறைந்த அளவு மாசைக் கண்டறிய இரண்டாவதே மேலானது.

களிமண்ணும் நீரும் இதற்குப் பகை. வடகிழக்குப் பருவமழையில் மண் இடுக்குகள் நிரம்பினால் ஆவி மேலே வராது. உலை எண்ணெய் போன்ற கனத்த எண்ணெய்கள் ஆவியாவது குறைவு. அங்கே இம்முறை அவ்வளவாக எடுபடாது. நீரில் எவ்வளவு கலந்தது என்பதையும் கிணற்று நீரைச் சோதித்தே உறுதிசெய்ய வேண்டும்.

2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் போர் தண்ணீரில் எண்ணெய் வந்தது. பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாய்க் கசிவே காரணம். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. வீடுகளின் குழாயில் எண்ணெய் வரும் முன்பே ஆவி காட்டிக்கொடுக்கக்கூடும் என்பதுதான் இம்முறையின் பயன்.

இம்முறை கைகொடுக்கக்கூடிய இடம் ஒன்றைச் சொல்வதானால், புதுச்சேரியின் திருவாண்டார்கோயில், திருபுவனை வட்டாரத்தில் விழுப்புரம் சாலையை ஒட்டி ஆலைகளும் வயல்களும் அடுத்தடுத்து உள்ளன. வண்டலும் மணற்கல்லும் தேக்கிய நிலத்தடி நீரே அப்பகுதிக்கு ஆதாரம்.