பன்மை உடைமைப் பெயர் (ஆங்கில இலக்கணம்)

ஒரு பொருள் பலருக்கு உரியது என்று காட்டும் பெயர்ச்சொல் வடிவம். பன்மைச்சொல் எஸ்ஸில் முடிந்தால் அதன்பின் அப்பாஸ்ட்ரஃபி (’) குறி மட்டும் போதும். ‘பாய்ஸ்’ என்பதில் குறி எஸ்ஸுக்கு முன் வந்தால் ஒரு பையனுடையது, பின் வந்தால் பையன்களுடையது. காதுக்கு இரண்டும் ஒன்றே, எழுத்தில்தான் வேறுபாடு. விமன், சில்ரன் போன்ற எஸ் இல்லாப் பன்மைகள் குறியோடு எஸ்ஸும் பெறும். சென்னையில் 1915இல் தொடங்கிய விமன்ஸ் கிறிஸ்டியன் கல்லூரியின் பெயர் நல்ல சான்று. 1914இல் தோன்றிய குயின் மேரிஸ் கல்லூரியின் பெயரோ ஒருமை.

சென்னை மேடவாக்கத்தின் விடுதிப் பலகைகளில் ‘லேடீஸ் ஹாஸ்டல்’ குறியின்றி எழுதப்பட்டால் பிழையென்று தள்ள வேண்டாம். லேடீஸ் அங்கே அடைமொழியாக நிற்கிறது.

தமிழில் ‘மாணவர்களுடைய’ என்னும்போது பன்மை விகுதியும் உருபும் தனித்தனியே ஒலிப்பதால் இக்குழப்பம் இல்லை. நன்னூல், உடைமைப்பொருள் ஒன்றாயின் அது, ஆது என்றும் பலவாயின் அ என்றும் ஆறாம் வேற்றுமைக்கு உருபு வகுத்தது.