ஞானப்பாட்டும் கீர்த்தனையும் பறையும்

கம்பம் பள்ளத்தாக்கின் சேரிகளில் பிறந்த நம்மில் பலர் எழுத்தறியுமுன்னே பாட்டறிந்தவர்கள். தம் பெயரைக்கூட எழுதத் தெரியாத நம் பாட்டிமார், நீண்ட கீர்த்தனையொன்றைச் சரணம் பிசகாமல் பாடக் கேட்டே வளர்ந்தோம். அப்பாட்டை இயற்றியவர் யார், அவர் நம்மவரை எவ்வாறு எண்ணினார் என்று அன்று நாம் கேட்டோமில்லை. நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அதனைக் கேட்பது தகும்.

தமிழ்ச் சபைகளில் வழங்கும் பாடல்கள் இருவகையின. மேனாட்டு மெட்டில் அமைந்த மொழிபெயர்ப்புகள் ஞானப்பாட்டுகள். தமிழிசையில் பிறந்தவை கீர்த்தனைகள். முன்னதில் தலைசிறந்தவர் ஜெர்மானியராகிய பப்ரிசியஸ் ஐயர் (1711–1791). குருமாரை ஐயர் என அழைத்தல் அந்நாள் வழக்கம். 1740-இல் இந்நாடு வந்த அவர், சென்னையிலிருந்து விவிலியத்தையும் ஜெர்மானியப் பாடல்களையும் தமிழாக்கினார். 1779-இல் தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றும் வெளியிட்டார். எனினும் ஒரு தொல்லை இருந்தது. ஜெர்மானிய மெட்டு ஓரடிக்கு இத்தனை அசையென்று கணக்கிட்டுக் கேட்கும். தமிழ்ச்சொல்லோ வேற்றுமை உருபும் விகுதியும் ஏற்று நீளும். ஆதலால் குறில் நீண்டும் நெடில் குறுகியும் ஒலிக்க நேர்ந்தது. பொருள் புரிந்தாலும் நா தடுக்கும்.

இத்தடையை நீக்கியவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). நெல்லைச் சீமையில் பிறந்து, தஞ்சையில் சுவார்ட்சு ஐயரிடம் பயின்று, சரபோசி மன்னருடன் ஒருசாலை மாணாக்கராயிருந்தவர். குறவஞ்சி, கும்மி முதலிய தமிழ் வடிவங்களையே கொண்டு அவர் பாடினார். 1800-இல் தோன்றிய பெத்லகேம் குறவஞ்சி அவற்றுள் புகழ்பெற்றது.

ஆயின் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. 1820-களின் இறுதியில் தஞ்சைச் சபையில் புதிய மிஷனெரிமார் சாதி வேற்றுமையின்றிக் கலந்தமர வற்புறுத்தியதுடன், தமிழ்க் கீர்த்தனைகளை வழிபாட்டிலிருந்து விலக்கவும் முற்பட்டனர். சாஸ்திரியார் இரண்டையுமே எதிர்த்தெழுதினார். தமிழிசைக்காக வாதாடிய அதே எழுதுகோல் வேளாளரின் தனியிருக்கைக்காகவும் வாதாடியது. அவருடைய பாடலை நாம் பாடாமல் விடுவதற்கில்லை. அவர் யாருடன் அமர மறுத்தாரோ அவர்தம் பேரப்பிள்ளைகள் நாம் என்பதையும் மறப்பதற்கில்லை.

நம் பகுதிக்கு இக்கீர்த்தனைகளைக் கொணர்ந்தது 1834-இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன். அதனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர் 1853-இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். தஞ்சைக் கவிராயரின் பாடல் நம் குடிசைகளை எட்டியது அவ்வழியிலேயாம். நம் பெண்டிர் அவற்றைக் கற்றபின், நாற்று நடும் வயலிலும் தொட்டிலோரத்திலும் தம் போக்கில் இழுத்தும் குறுக்கியும் பாடினர். இராகம் எது எனக் கேட்டால் அவர்கள் சிரித்திருப்பார்கள்.

இவ்வாறு அயல்மெட்டில் தாய்மொழி திணறியது நம் நாட்டில் மட்டுமன்று. கிழக்கு ஆப்பிரிக்காவில் வழங்கும் சுவாகிலி மொழியில் ஈற்றயல் அசையே அழுத்தம் பெறும்; மேனாட்டு மெட்டில் அவ்வழுத்தம் இடம் மாறிவிடும். தான்சானியாவில் ஆவார்டு ஓல்சன் என்னும் அமெரிக்க லுத்தரன் போதகர் உள்நாட்டு மெட்டுகளைத் திரட்டி 1968-இல் ‘தும்ஷாங்கிலியே முங்கு’ என்னும் தொகுதியை வெளியிட்டார். அந்நாட்டுப் போதகர் பெர்னார்டு கியாமன்யுவா 1966-இல் சுவாகிலியில் எழுதிய உயிர்ப்புத் திருநாள் பாட்டு, ஓல்சனின் ஆங்கில மொழிபெயர்ப்பால் மேனாட்டுக் கோயில்களிலும் இன்று பாடப்படுகிறது. ஐரோப்பாவினின்று ஆப்பிரிக்கா சென்ற பாட்டுக்கு இது எதிர்த்திசைப் பயணம்.

இனி நம் கதைக்கு வருவோம். நாம் சிறுவராயிருந்த காலத்தில், ஒரு கிறிஸ்துமஸ் இரவில், பறையேந்தி வந்த நம் இளைஞர் கோயில் வாசலிலேயே நிறுத்தப்பட்டனர். உள்ளே ஆர்மோனியம் ஒலித்துக் கொண்டிருந்தது. நிறுத்தியவர் பிறசாதியார் அல்லர், நம் பெரியவர்களே. அவர்களைக் குறை கூறவும் நமக்கு மனமில்லை. சாவுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் கூலியின்றிப் பறையடித்த அடிமை வேலையைப் பெரும்பாடுபட்டுக் கைவிட்டவர்கள் அவர்கள். அந்த ஓசையில் அவர்களுக்கு இசை கேட்கவில்லை, ஏவல் கேட்டது. பின்னர், நம் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராசா 1976-இல் ‘அன்னக்கிளி’யில் நாட்டுப்புற மெட்டை ஒலிக்கச் செய்தபோது, கோயிலில் அதனை வேண்டாமென்றவர்களும் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து நின்றது வேறு கதை.

பறையைக் கோயிலுக்குள் அழைத்தவர்களுள் முதன்மையானவர் தியாபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த இவர், ‘பரட்டை’ என்னும் பெயராலும் அறியப்பட்டார். கருநாடக இசைக்குப் பயிற்சி வேண்டும், பொருள் வேண்டும், பிழை கண்டு நகைக்கும் அவையும் உண்டு. நாட்டுப்புறப் பாட்டையோ பாடுகிறவரே திருத்திக் கொள்ளலாம் என்பது அவர் வாதம். பேச்சு வழக்கிலேயே எழுதினார். கிராமிய மெட்டில் ஒரு முழு வழிபாட்டு முறையையே அமைத்தார். அவரைக் குறித்துச் சோயி செரினியன் என்னும் அமெரிக்க இசையறிஞர் 2014-இல் ஒரு நூலே வெளியிட்டுள்ளார்.

தம் பாடல்களை மக்கள் மாற்றிப் பாடுவதை அப்பாவு தடுத்தாரில்லை, விரும்பினார். அன்று நம் பாட்டிமார் சாஸ்திரியாரின் கீர்த்தனைக்குச் செய்ததும் அதுவே. அவர்களை யாரும் கேட்டதில்லை. அவர்களும் யாரையும் கேட்கவில்லை.