லைன்: தோட்டத்திலும் தண்டவாளத்திலும் வழங்கும் ஒரு சொல்

லைன் என்பது ஆங்கிலத்திலிருந்து தமிழ்ப் பேச்சுக்கு வந்து, தொழிலாளர் குடியிருப்பு, ரயில் பாதை, மின்கம்பி, தொலைபேசித் தொடர்பு, வரிசை, வியாபாரத் தடம் என்று பல பொருள்களில் வழங்கும் சொல். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு, பர்லியார் வழியே குன்னூர் ஏறும் மலைச்சரிவில் இவற்றில் பலவற்றைக் கேட்கலாம். மழையில் மண் சரிந்து ‘லைன் மூடிட்டாங்க’ என்றால் அது மலைரயில். மரம் சாய்ந்து ‘லைன் அறுந்துடுச்சு’ என்றால் மின்கம்பி. ‘லைன் கிடைக்கல’ என்றால் செல்பேசி. ‘லைன்ல இருக்காங்க’ என்பதற்கு மட்டும் இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். தொலைபேசியில் காத்திருப்பவரையும் அது குறிக்கும். எஸ்டேட் குடியிருப்பில் வசிப்பவரையும் குறிக்கும்.

சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ஆளிச் செடிக்கு அங்கே ‘லினம்’ என்று பெயர். அதன் நாரில் திரித்த நூல் ‘லினியா’. நூலைக் குறித்த சொல் நூல் பிடித்துப் போடும் நேர்கோட்டுக்கும், பிறகு கோடாக நீளும் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பெயராயிற்று. தமிழுக்கு அது புத்தகம் வழியாக வந்ததைவிட வேலைத்தளங்கள் வழியாக வந்ததே அதிகம். அதனால்தான் ஒவ்வொரு பொருளிலும் அந்தந்தத் தொழிலின் சாயல் இருக்கிறது.

இவற்றுள் கனமான பொருள் வீடு. பட்டாளத்துக்காரர்களை வரிசையாகக் கட்டிய கொட்டகைகளில் தங்கவைத்த ஆங்கிலேயர், அந்த வரிசைகளை லைன் என்றே அழைத்தனர். காப்பி, தேயிலைத் தோட்டங்கள் பெருகியபோது கூலியாட்களுக்கும் அதே மாதிரிக் கட்டடங்களே எழுந்தன: ஒரே கூரை, ஒரே நீளச் சுவர், குறுக்குச் சுவர் வைத்துப் பிரித்த அறைகள், ஓர் அறைக்கு ஒரு குடும்பம். இலங்கை மலையகத்தில் இது லயன் என்றும் லயம் என்றும் ஆயிற்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது அங்கே பலருக்கும் மனப்பாடமான அறை அளவு. அந்த அறையை ‘காம்பரா’ என்றார்கள். அது போர்த்துக்கீசியம் விட்டுச்சென்ற சொல். முன்திண்ணை ‘இஸ்தோப்பு’, அது டச்சுக்காரர் வழி வந்தது. அடுத்தடுத்து வந்த மூன்று ஆட்சியாளர்களின் மொழிகளும் அந்த ஒரு வீட்டுக்குள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் போன மலேசியத் தோட்டங்களிலும் லயம் வழங்கியது. தமிழில் லயம் என்றால் தாளத்தோடு ஒன்றுவது என்று முன்பே பொருள் உண்டு. அதற்கும் இந்த வீட்டுக்கும் தொடர்பில்லை, ஒலி ஒத்துப்போனது அவ்வளவுதான்.

1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவாயிற்று. அப்படித் தாயகம் திரும்பியோருக்கு வேலை தரும் நோக்கில் தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதுவே பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ. கண்டிச் சீமை எனப்பட்ட இலங்கை மலையகத்தில் லயத்தில் பிறந்தவர்கள் குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத் தோட்டங்களில் மறுபடியும் லைன் வீடுகளில் குடியேறினார்கள். இரு நாட்டிலும் வீட்டின் பெயர் மாறவில்லை. இந்தியாவில் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளருக்கு வீடு தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. ஆனால் வேலை விட்டால் வீடும் போகும் என்ற பயம் அந்தச் சொல்லோடு ஒட்டியே இருந்து வந்திருக்கிறது. லைனில் வாழ்ந்தவர்களுக்கு அது வெறும் முகவரி இல்லை. மலையடிவாரத்தில் பொருள் சற்று விரிகிறது. கோவை, திருப்பூரில் பொதுக் குழாயும் பொதுக் கழிப்பறையுமாக ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகள் ‘லைன் வீடு’. காவலர் குடியிருப்புத் தெருக்கள் பல ஊர்களில் ‘போலீஸ் லைன்’.

குடியிருப்புக்கு ஆங்கிலச் சொல் நிலைத்தாலும் தேயிலைச் செடிகளின் வரிசைக்கு மலையகத்தில் ‘நிரை’ என்ற தமிழ்ச் சொல்லே நிலைத்தது, பேச்சில் ‘நெர’. காலையில் கங்காணி ஆளுக்கு ஒரு நிரை பிரித்துக் கொடுப்பார். அந்த நிரையில் கொழுந்து எடுத்து முடிக்க வேண்டும். ரப்பர்த் தோட்டங்களிலும் மரங்களின் வரிசைக்கு அதே பெயர். சங்க காலத்தில் பசுக்கூட்டத்துக்கு ஆநிரை என்று பெயர். யாப்பிலக்கணத்தில் நிரையசை உண்டு. அத்தனை பழைய சொல் எழுத்தறிவு மறுக்கப்பட்ட தொழிலாளர் வாயில் பிழைத்திருந்தது என்பதை அகராதி செய்பவர்கள் இன்னும் அக்கறையோடு பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ரயில் பாதை என்ற பொருள் இந்தச் சரிவில் 1899-இல் மேட்டுப்பாளையம்–குன்னூர் ரயிலோடு வேரூன்றியது. பாதை 1908-இல் உதகை வரை நீண்டது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளங்களுக்கு இடையில் பல்சட்டம் பதித்திருப்பார்கள். எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றி ஏறும். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடக் கூடாது. அதனால் அடுத்த நிலையத்திடம் இசைவு பெற்ற பிறகே வண்டியை விடுவது ரயில்வேயின் வழக்கம். அந்த இசைவுதான் ‘லைன் கிளியர்’. இன்று கல்யாணப் பேச்சிலும் கடன் விண்ணப்பத்திலும் தடை நீங்கினால் ‘லைன் கிளியர்’ என்கிறோம்.

மின்சாரப் பொருளிலும் நீலகிரிக்குப் பங்குண்டு. 1930-களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கோவைப் பகுதி ஆலைகளுக்குக் கம்பி போனது. அலுவலகத் தமிழில் ‘மின்பாதை’ வந்துவிட்டது. கம்பம் ஏறுபவரை ஊர் இன்னும் லைன்மேன் என்றே கூப்பிடுகிறது.

நேர் தமிழ்ச் சொற்கள் பல உண்டு என்றாலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. வரைவது கோடு, எழுத்தில் வரி, செய்யுளில் அடி, ஆட்கள் நிற்பது வரிசை. இவற்றுக்கும் தனித்தனிப் பல பொருள்கள் உண்டு. கோடு என்பதற்கு மலை, கொம்பு, வளைவு என்றும் பழந்தமிழில் பொருள்; வரி என்பது அரசுக்குக் கட்டும் பணமும்தான்.

சாலையில் போவோரிடம் வேறு பொருள்கள். நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களுக்கு ‘லைனுக்குப் போறது’ என்றால் வெளிமாநிலத்துக்கு நீண்ட நடை. சரக்கு விநியோகிப்போருக்கு லைன் என்பது கடை கடையாகப் போகும் தடம். கரூர், ஈரோட்டுப் பக்கத்தில் வட்டித் தொழில் செய்வோர் வசூலுக்குப் போவதையும் ‘லைன்’ என்பர்; நாள்தோறும் தவணை வசூலிக்கும் இந்த வகைக் கடனுக்குச் சென்னையில் ‘தண்டல்’ என்று பெயர். இளவட்டங்களின் ‘லைன் அடிக்கிறது’ ஒருவரைக் காதல் நோக்கோடு சுற்றுவது. ‘ரூட் விடுறது’ என்பதும் அதே பொருளில் வழங்கும்.