மந்திரசாலையில் ஏசி கிடையாது

கரண்ட் பில்லைக் குறைக்க ஏசியை எத்தனையில வைக்கணும்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. 2020 ஜனவரியிலிருந்து நம்ம நாட்டுல ஸ்டார் லேபிள் ஏசிக்கு டிஃபால்ட்டே 24 டிகிரிதான். ஒரு டிகிரி கூட்டினா சுமார் 6 சதவீதம் மிச்சம்ங்கறது அரசாங்கக் கணக்கு. பதில் முடிஞ்சுது. இப்போ தக்கலைக்குப் போவோம்.

பத்மநாபபுரம் அரண்மனை. பழைய பேரு கல்குளம். 1744-ல் மார்த்தாண்ட வர்மா பேரை மாத்தினார். 1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்தும், அரண்மனையைப் பார்த்துக்கறது இன்னிக்கும் கேரள அரசுதான். (அது தனி எபிசோடு!)

மே மாசம் மதியம் மந்திரசாலைக்குள்ள போய்ப் பாருங்க. செங்குத்தான ஓட்டுக் கூரை, தாழ இறங்கற இறவாணம், சுத்திலும் மரச்சட்டம் போட்ட அழி. வெயில் உள்ள வராது, காத்து வரும். ஜன்னல்ல கலர் கலரா மைக்கா தகடு. சூடான காத்து மேல ஏறி ஓட்டு இடுக்கு வழியா வெளிய போயிரும். நம்ம ஊர்ல பிரச்சனை சூடு மட்டும் இல்ல, புழுக்கம். ராஜஸ்தான் மாதிரி தண்ணி தெளிச்சு குளிர வைக்க முடியாது. காத்து ஓடணும், அவ்வளவுதான்.

சுவாரசியம் என்னன்னா, 1902-ல் கேரியர் முதல் ஏசியை வடிவமைச்சதும் ஈரப்பதத்துக்காகத்தான், ப்ரூக்ளின்ல ஒரு அச்சகத்துக்கு. ஆனா அந்த வழி நேர் எதிர்: எல்லாத்தையும் அடைச்சாத்தான் ஏசி வேலை செய்யும். ஏசியும் ஒரு ஹீட் பம்ப்தான். உள்ள இருக்கற சூட்டை வெளிய தள்ளுது. உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் கூடக்கூட கம்ப்ரசர் அதிகம் உழைக்கணும். பகல் முழுக்க வெயில் குடிச்ச கான்கிரீட் ராத்திரியெல்லாம் அதைத் திருப்பிக் கொடுக்கும். அதையும் சேர்த்துத்தான் ஏசி தள்ளணும்.

இது எனக்கு வெறும் வரலாறு இல்ல. ஆச்சியோட ஓட்டு வீட்டை இடிச்சு கான்கிரீட் போடலாம்னு மாமா சொல்றார். அவர் பக்கமும் நியாயம் இருக்கு: ஐப்பசி மழைக்கு ஒழுகுது, ஓடு மாத்த ஆள் கிடைக்கல. ஓட்டு வீட்டுக்கு அப்படியே ஏசி போட்டா குளிர் எல்லாம் இடுக்குல போயிரும். அதனால என் கணக்கு இதுதான்: ஓடு இருக்கட்டும், ஒழுகுற இடத்தைச் சரி பண்ணுவோம். மரத்தட்டு போட்ட ஆச்சி ரூமை மட்டும் இடுக்கில்லாம அடைச்சு ஏசி. ஃபேனோட 27-ல வச்சாலே போதும். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கமா ஒரு தட்டி.

மாமா கொத்தனார்கிட்ட ரெண்டுக்கும் எஸ்டிமேட் கேட்டிருக்கார். ஆச்சிகிட்ட இனிமேத்தான் கேக்கணும்.